ஐம்பதுக்கு மேல் கிட்டாரா, பேஸா?

"விரல் ஒத்துழைக்காது சார், பேஸ் எடுத்துக்குங்க. நாலு தந்திதானே!" ஐம்பதைத் தாண்டி இசைக்கருவி வாங்கக் கிளம்புகிறவருக்கு யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் ஆறிலிருந்து இரண்டைக் கழித்தால் பேஸ் வந்துவிடாது. கிட்டாரும் பேஸ் கிட்டாரும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கற்கிறவரிடம் கேட்டு வாங்குவது வேறு வேறு. இருபது வயதுக் கைக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பிந்தித் தொடங்குகிறவருக்குத்தான் உறைக்கும்.

முதலில் கையைப் பார்ப்போம். அக்கூஸ்டிக் கிட்டாரின் மிக மெல்லிய தந்தி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். பேஸின் தடித்த தந்தி, பரவலாகப் புழங்கும் செட்டில், 2.7 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கிட்டார் தந்தி விரல் நுனியை அறுக்கும். காய்ப்பு ஏறும்வரை சூடான காபி டம்ளரைத் தொட்டாலே சுரீரென்னும். பேஸ் தந்தி அறுக்காது, பதிலுக்கு அழுத்தத்தைக் கேட்கும். அங்கே எரிச்சல் என்றால் இங்கே அசதி. இதைவிடப் பெரிய சங்கதி நீளம். ஃபெண்டர் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். வழக்கமான பேஸில் 34 அங்குலம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை உள்ள தூரம் கிட்டாரில் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. பேஸில் அது 13. ஆள்காட்டி விரலை ஒரு முனையில் ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலை மறுமுனைக்கு அனுப்பினால், கூடுதலாக உள்ள அந்த மூன்று சென்டிமீட்டர் மணிக்கட்டில் போய் வலிக்கும்.

அப்படியானால் கிட்டார்தான் சுலபமா என்றால், அங்கே எஃப் கார்டு காத்திருக்கிறது. ஆள்காட்டி விரலை ஒரு கட்டைபோல் ஆறு தந்திகளின் மேலும் படுக்க வைத்து, மற்ற மூன்று விரல்களையும் அதற்குள்ளேயே மடக்கி நிறுத்த வேண்டும். ஒரு தந்தி 'டப்' என்று செத்த ஒலி எழுப்பும். அதைச் சரிசெய்தால் அடுத்தது செத்துப்போகும். சி, ஜி, டி கார்டுகளோடு ஒரு மாதம் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கிட்டாரை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். மூட்டு இறுகிய விரலுக்கு இது உண்மையிலேயே கொடுமை. பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். எஃப் என்றால் ஒரு விரல், ஒரு தந்தி, முடிந்தது.

நினைவாற்றலுக்கும் பேஸ் ஓர் உபகாரம் செய்கிறது. இதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. பேஸின் நான்கு தந்திகளும் ஒரே சீரான இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை: இ, ஏ, டி, ஜி. கிட்டாரின் கீழ்நான்கு தந்திகளும் இதே பெயர்கள்தாம், ஒரு ஸ்தாயி மேலே. ஆனால் கிட்டாரில் ஜி தந்தியைத் தாண்டியதும் இடைவெளி மாறிவிடும். கீழே கற்ற விரல் அமைப்பு மேலே செல்லாது. பேஸில் ஒரு ஸ்கேலுக்கு ஒரு விரல் வடிவத்தைக் கற்றுவிட்டால் போதும், வேறு சுருதிக்கு அப்படியே இடம்பெயர்த்துக்கொள்ளலாம். பேத்தியின் பள்ளி வாட்ஸ்அப் குழுவையும் மாத்திரை வேளைகளையும் ஒருசேர நினைவில் வைத்திருக்க வேண்டியவருக்கு இது சிறிய சலுகை அல்ல.

கை விரியாத சிக்கலுக்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. ஃப்ரான்ஸ் ஸிமாண்டல் 19ஆம் நூற்றாண்டில் டபுள் பேஸுக்கு எழுதிய பாடமுறை அது. ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் மட்டுமே தனி வேலை. மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். நான்கு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, தேவைப்படும்போது கையையே நகர்த்த வேண்டும். விரலுக்கொரு ஃப்ரெட் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயது மாணவரிடம் அந்தப் பிடிவாதம் வேண்டாம் என்பது என் கட்சி. இன்னொரு வழி, 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ். 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர், வயலின் உருவம் கொண்டது, அந்த அளவை ஒட்டியதுதான். உள்ளே கூடு என்பதால் எடையும் குறைவு. கட்டை உடம்புள்ள பேஸோ நான்கு கிலோவைத் தாண்டும். தோளில் மாட்டி நின்று வாசித்தால் அரை மணியில் கழுத்து கெஞ்சும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுக்கமும் விரல் மடங்கி நிற்கும் 'ட்ரிகர் ஃபிங்கர்' தொல்லையும் மற்றவர்களைவிட அதிகம் வரும். நம்மூரில் இது பலரைத் தொடும் விஷயம். உட்கார்ந்து வாசிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

காது விஷயத்தில் நிலைமை மாறுகிறது. வயதாக ஆகக் கேட்கும் திறன் முதலில் மேல் ஒலிகளில்தான் தேயும். கீழ் ஒலிகள் நெடுநாள் தங்கும். பேஸின் அடித்தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, கிட்டாரின் அடித்தந்தி 82 முறை. அந்த வகையில் வயதான காதுக்குப் பேஸ் இணக்கமானது. ஆனால் பேஸ் பழகுகிறவர் கைப்பேசி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவார். அந்தச் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. மேலே உள்ள துணை ஒலிகளைக் கொண்டு மூளைதான் ஊகித்துக்கொள்ளும். 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டைத் தெரியாதவர் நம்மில் குறைவு. கைப்பேசியில் கேட்டால் அதில் கிட்டாரும் குரலும் மட்டும்தான் முன்னால் நிற்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அடியில் இன்னொருவர் நடந்துகொண்டிருப்பது தெரியும். இளையராஜாவின் பேஸை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டு ரசிக்கும் கூட்டம் தமிழில் உண்டு. பேஸ் கற்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இந்த வழியாக வந்தவர்கள்தாம்.

பிந்தி வந்தவர் என்று கூச்சப்படுகிறவர்கள் பேஸின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல்தான் சந்தைக்கு வந்தது. எனவே முதல் தலைமுறையில் சிறுவயதிலிருந்து அதைக் கற்றவர் என்று ஒருவர்கூட இருக்க வழியில்லை. எல்லோரும் வேறொரு கருவியிலிருந்து வந்தவர்கள். 1921இல் பிறந்த மங்க் மாண்ட்கோமரி, லயனல் ஹாம்ப்டனின் குழுவில் அதை ஏந்தியபோது முப்பதைத் தொட்டிருந்தார். கரோல் கே 1963இல், தன் 28ஆம் வயதில், ஹாலிவுட்டின் கேப்பிடல் ஸ்டூடியோவில் வராமல் போன பேஸ் கலைஞருக்குப் பதிலாக உட்கார்ந்தார். அதற்குமுன் அவர் கிட்டார் கலைஞர். பல கிட்டார்களைச் சுமந்து திரிவதைவிட ஒரே ஒரு பேஸை எடுத்துப்போவது வசதி என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. முப்பது எங்கே ஐம்பத்தைந்து எங்கே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் பிஞ்சு வயதில் தொடங்காவிட்டால் உருப்படாது என்று வயலினைப் பற்றிச் சொல்லும் பேச்சு இங்கே எடுபடாது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்துக்காக எண்ணற்ற பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். கரோல் கே பிளெக்ட்ரம் பிடித்து வாசித்தார். இரண்டு விரலால்தான் மீட்ட வேண்டும் என்று இணையப் பாடங்கள் மிரட்டும்போது இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் பேஸ் பக்கம் தராசு தாழ்வதுபோல் இருக்கும். அவசரப்பட வேண்டாம். கிட்டாரில் கஷ்டம் முன்வாசலிலேயே நிற்கிறது. பேஸில் உள்ளே போனபிறகுதான் தெரியும். ஒரு சுரத்தை எழுப்புவது சுலபம், நிறுத்துவதுதான் வேலை. மீட்டாத தந்திகளும் தாமாக முனகத் தொடங்கும். இடக்கையின் ஓய்வு விரல்களும் வலக்கைக் கட்டைவிரலும் ஓயாமல் அவற்றை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுரம் நான்காவது அடி தொடங்கும்போது நிற்கிறதா, முடிந்தபிறகு நிற்கிறதா என்பதில் பாட்டு துள்ளுவதும் தொங்குவதும் இருக்கிறது. கிட்டாரில் தாளம் சற்றுப் பிசகினால் பாடகர் சமாளித்துக்கொள்வார். பேஸ் பிசகினால் மொத்தக் குழுவும் தடுமாறும். ஏன் தடுமாறுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கச்சேரிகளில் தொடையில் தட்டியே பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு கண்ணி. ஆதிதாளத்தில் ஊறியவர் சமத்தில் அழுத்துவார். ராக், ஸோல் பாடல்களில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும். மெட்ரோனோமின் தட்டை ஒன்று, மூன்று என்று எண்ணாமல் இரண்டு, நான்கு என்று எண்ணி வாசிக்கச் சொன்னால், முப்பது வருட ரசிகரும் எட்டாவது தட்டுக்குள் கவிழ்ந்துவிடுவார்.

வயது வந்த மாணவரின் இன்னொரு பழக்கம், சும்மா இருக்கத் தெரியாதது. பாதி வயதுகூட ஆகாத ஆசிரியர் ஒருவர் தன் மாணவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "அங்கிள், நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறவங்க மூச்சு விடுற இடத்துல எல்லாம் நீங்க பேசிடுறீங்க. பாதியை விட்டுடுங்க." அங்கிள் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு பாதியை விட்டார். பாட்டு சரியாகிவிட்டது.

கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது விரலோ காதோ அல்ல, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். கிட்டார் தனியாளின் கருவி. மொட்டை மாடியில் உட்கார்ந்து, மின்சாரம்கூட இல்லாமல், நாலு கார்டுக்கு ஒரு பாட்டைப் பாடி முடித்துவிடலாம். வீட்டுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பேஸைத் தனியாக வாசித்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு அது பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பதுபோல் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அடுக்ககத்தில் சுவர் தாண்டி ஒலி போகும், ஹெட்ஃபோன் ஆம்ப் தேவைப்படும். மாதக்கணக்கில் பழகியும் "ஒரு பாட்டு வாசிங்களேன்" என்று விருந்தினர் கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

ஆனால் குழு என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஆலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் கிட்டார் வாசிக்க முன்வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். பேஸுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் அதன் முதல் சுரத்தை, சரியான நேரத்தில், சரியான நீளத்துக்கு வாசிக்கத் தெரிந்தால் சில மாதங்களிலேயே பிறரோடு உட்கார்ந்துவிடலாம். கிட்டாரில் அந்த இடத்துக்கு வர இன்னும் நாளாகும், வந்தாலும் மூன்றாவது கிட்டாராக நிற்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு ஆள் துணை சுருங்கிப்போகும் காலத்தில், வாரம் ஒருமுறை நான்கு பேர் நமக்காகக் காத்திருப்பது பெரிய விஷயம். தேர்வு எழுதினால்தான் பழகுவேன் என்கிறவர்களுக்கு டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் பிரிவில் பேஸுக்கும் படிநிலைகள் உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளோடு தேர்வறை வாசலில் காத்திருக்கத் துணிவு வேண்டும்.

ஆகவே தனக்குத்தானே பாடிக்கொள்ள ஆசைப்படுகிறவர் கிட்டார் வாங்கட்டும். எஃப் கார்டை ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போட்டாலும் குடி முழுகிவிடாது. வீட்டில் கீபோர்டு வாசிக்கும் மருமகளோ, கீழ்த்தளத்தில் டிரம்ஸ் தட்டும் பையனோ இருக்கிறவர் பேஸை எடுக்கட்டும். ஷார்ட் ஸ்கேலாக, மடியில் வைத்துப் பார்த்து, எடை பார்த்து. அப்படி ஒருவரும் இல்லை, ஆனாலும் பேஸ்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் கூட வாசிக்க ஒரு டிரம்மரைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.