வலமிருந்து இடமாக ஓடும் சத்தம்

எலக்ட்ரிக் கிட்டாரில் நாம் செருகும் கால் அங்குல பிளக், எலக்ட்ரிக் கிட்டாரைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1878-ல் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் அது புழக்கத்துக்கு வந்தது. பெரிய பலகையின் முன் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர், ஒருவர் குரலை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப, வயரை ஒரு துளையிலிருந்து இழுத்து மற்றொன்றில் செருகுவார். அடுத்த வருஷமே, 1879-ல், சிங்கப்பூரிலும் இணைப்பகம் வந்துவிட்டது. இன்று ஜாலான் புசார் பக்கம் ஏதாவது ஒரு ஜாமிங் அறையில் குனிந்து உட்கார்ந்து, பெடலுக்கும் பெடலுக்கும் கேபிள் மாட்டும் பையன் செய்வதும் ஆபரேட்டர் வேலைதான். பிளக்கின் அளவுகூட மாறவில்லை.

ஆனால் கிட்டார்காரர்களுக்கு ரொம்ப நாள் வரை இந்தத் தலைவலி இல்லை. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூர் வந்து வாசித்தபோது, ஷேடோஸின் ஹாங்க் மார்வின் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்துக்கொண்டது ஓர் எக்கோ கருவிதான். அந்த அலையில் இங்கே கிட்டார் குழுக்கள் முளைத்தன. 'தி குவெஸ்ட்ஸ்' 1964-ல் வெளியிட்ட 'ஷாண்டி', சிங்கப்பூர் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸையே கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. ஒரு கிட்டார், ஒரு கேபிள், ஓர் ஆம்ப். அவ்வளவே போதுமாக இருந்தது.

பெட்டிகள் பெருகியது அதற்குப் பிறகு. 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் வந்தது, சீந்துவார் இல்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதை வைத்து வாசித்ததும் எல்லாருக்கும் வேண்டியதாகிவிட்டது. வா-வா பெடல், ஃபேஸர் என்று அடுத்தடுத்து வந்தன. ஆளுக்கொரு வடிவம், ஃபஸ் ஃபேஸ் தோசைக்கல் மாதிரி வட்டமாகவே இருக்கும். எழுபதுகளில் லண்டனில் பீட் கார்னிஷ் என்பவர் இவற்றையெல்லாம் ஒரே பலகையில் பொருத்தி, உள்ளேயே வயரிங் செய்து தரத் தொடங்கினார். டேவிட் கில்மர், பிரையன் மே போன்றவர்கள் அவரிடம் பலகை வாங்கினார்கள். மேடையில் ஒரு கேபிள் கழன்றால் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மௌனமாக நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்துக்குத்தான் காசு.

காசில்லாதவர்களுக்கு ஒழுங்கு ஜப்பானிலிருந்து வந்தது. 1977-ல் பாஸ் நிறுவனம் தன் முதல் மூன்று சிறு பெடல்களை வெளியிட்டது. மூன்றும் ஒரே அளவு, ஒரே உடல். வலப்பக்கம் சத்தம் உள்ளே, இடப்பக்கம் வெளியே. ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தால் குட்டிக் கேபிளில் வேலை முடிந்தது. பெடல் பலகையைத் தமிழ்போல இடமிருந்து வலமாகப் படிக்கக் கூடாது. சிங்கப்பூர்ப் பழைய மலாய்க் கல்வெட்டுகளில் இருக்கும் ஜாவி எழுத்தைப்போல வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

அந்த வரிசைக்கு இலக்கணம் உண்டு. டியூனர், வா-வா, ஓவர்டிரைவ், பிறகு கோரஸ் வகையறா, கடைசியில் டிலேயும் ரிவர்பும். ஓவர்டிரைவை டிலேக்குப் பின்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும். சிலர் வேண்டுமென்றே அந்தக் கூழைச் செய்கிறார்கள், அது வேறு.

கேபிளின் நீளத்துக்கும் விலை இருக்கிறது. சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம். கிட்டாரிலிருந்து பலகைக்கு 6 மீட்டர், பலகையிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவே குட்டிக் கேபிள்கள் ஒன்றரை மீட்டர் என்றால், கிட்டாரின் மெல்லிய மின்சாரம் 1,350 பிகோஃபாரட்டைச் சுமக்கிறது. முதலில் சாவது உச்ச ஒலிகள். துணி போர்த்திய மாதிரி கேட்கும். நடுவே ஒரு பஃபர் இருந்தால் இது சரியாகும். பாஸ் பெடல்கள் அணைந்திருக்கும்போதும் அந்த வேலையைச் செய்கின்றன.

அடுத்தது மின்சாரம். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மாலைபோல வயர் கோத்தால், டிஜிட்டல் பெடலின் கிரீச்சொலி அடுத்த பெடலுக்கும் பரவலாம். தனித்தனியாகப் பிரித்துத் தரும் பவர் சப்ளை விலை கூடியது ஏனென்றால் இதனால்தான். பவர் வயரையும் ஒலிக் கேபிளையும் பக்கம் பக்கமாக ஓடவிடாமல், தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் உறுமல்தான். சிங்கப்பூரிலும் சென்னையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நம்மூர் உறுமலின் அடிச்சுருதி ஜி-யை ஒட்டி நிற்கும். அமெரிக்காவில் 60, அங்கே அது ஏ-ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே. உறுமலுக்குக்கூட ஊர் இருக்கிறது.

இதையெல்லாம் இங்கே பலர் கற்றது பொருள்களைத் தேடி அலைந்துதான். சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930-களில் தொடங்கியது, 'திருடர் சந்தை' என்றுதான் பேர். தார்ப்பாயில் பரப்பிய பழைய ரேடியோ, அடாப்டர், வயர்ச் சுருள். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். பக்கத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. பிளக், ஈயக்கம்பி, மீட்டர் கணக்கில் கேபிள் என்று உதிரியாக வாங்கலாம். முழுக் கிட்டாரும் பெடலும் வேண்டுமென்றால் கோல்மன் ஸ்ட்ரீட்டின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்.

இந்த ஊரில்தான் 1992-ல் ருத்ரா உருவானது. சமஸ்கிருத சுலோகங்களை டெத் மெட்டலோடு கலந்து, அதற்கு 'வேத மெட்டல்' என்று பெயரும் வைத்த குழு. முதல் தொகுப்பு 1998-ல். அந்தக் காலத்துச் சுயாதீனக் குழுக்களுக்குப் புகலிடமாக இருந்தது, குவோ பாவ் குன் 1990-ல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய சப்ஸ்டேஷன். 2021-ல் அது அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியது. தமிழ்ப் பையன்கள் இந்த ஊரில் சத்தமாக வாசிக்கக் கிடைக்கும் இடம் எப்போதுமே குறைவு. வீவக வீட்டில் ஆம்ப் முடியாது, ஹெட்போன்தான். மேடை கிடைத்தால் ஐந்தாறு குழுக்களோடு பங்கு. ஒரு குழுவுக்கு இருபத்தைந்து நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் கேபிள் தேடினால் ஒரு பாட்டு போயிற்று.

அப்படி ஒரு மாலையில் எங்களுக்கு முன் வாசித்த குழுவின் கிட்டார் பாதிப் பாட்டில் செத்துப்போனது. பன்னிரண்டு பெடல், படத்தில் வருவதுபோல அழகான பலகை. எல்லாக் கேபிளும் அடியில் மறைத்துக் கட்டியிருந்தது. பையன் ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மேடையேறினார். "தம்பி, பாதியில புடுங்கு. ஆறாவது பெடல்லருந்து நேரா ஆம்புக்குக் குடு. சத்தம் வருதா? அப்ப இந்தப் பாதி நல்லாருக்கு. மிச்சத்துல பாதியப் பாரு." மூன்றாவது தடவையில் கோளாறு எந்தக் கேபிளில் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கேபிளை வெளியே எடுக்க முடியவில்லை. அதன்மேல் ஏழெட்டுப் பிளாஸ்டிக் டைகள்.

பலகையை ஒழுங்குசெய்வது என்பது இப்போது படம் எடுத்துப் போடும் கலையாகியிருக்கிறது. அழகு குற்றமில்லை. ஆனால் வரலாறு வேறு காரணம் சொல்கிறது. கார்னிஷின் பலகையும் சரி, பாஸின் ஒரே அளவுப் பெட்டியும் சரி, சத்தம் நிற்காமல் இருக்கவும், நின்றால் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் வந்த ஏற்பாடுகள். பெடலை அடியில் பிடித்துவைக்கும் வெல்க்ரோகூட அப்படித்தான். தன் துணியிலும் நாயின் ரோமத்திலும் நாயுருவிபோல ஒட்டிக்கொண்ட காய்களைப் பார்த்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ்காரர் செய்தது; அதன் குணமே, பிரித்தால் பிரிய வேண்டும் என்பதுதான்.

ஆகவே புதிதாகப் பலகை கட்டுபவர்களிடம் நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். டைகளுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை போடுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை சிம் லிம் டவர் போய் இரண்டு பிளக்கும் ஒரு முழக் கேபிளும் வாங்கி, நீங்களே சால்டர் செய்து பாருங்கள். முதல் கேபிள் அசிங்கமாகத்தான் வரும். மேடையில் அது செத்தால், எங்கே பிரிப்பது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.