ரேஷன் சர்க்கரையில் வளர்ந்த பிள்ளைகள்

பேத்திக்கு ஒன்றரை வயது. நேற்று அவள் பாலில் சர்க்கரை போடப் போனேன். மருமகள் கரண்டியை வாங்கிவிட்டாள். கோபத்தோடு படிக்க உட்கார்ந்தேன். கிடைத்தது வரலாற்றுப் பாடம்.

1940 ஜனவரி 8. போர்க்காலப் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் 225 கிராம். போர் முடிந்தும் எட்டு வருடம் அது நீடித்தது. 1953 பிப்ரவரியில் மிட்டாய்க் கட்டுப்பாடு நீங்கியதும் பிள்ளைகள் கடை வாசலில் குவிந்தார்கள். செப்டம்பரில் சர்க்கரைக்கும் நீங்கியது. சனங்கள் சாப்பிட்ட சர்க்கரை சீக்கிரமே ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

யாரும் திட்டமிடாத சோதனை இது! அந்தச் செப்டம்பரை ஒட்டி, முன்னும் பின்னும் பிறந்த சுமார் 60,000 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கருவிலும் பிறந்த பின்னும் ரேஷனில் வளர்ந்தவர்களுக்கு, முதுமையில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் நாலு வருடம் தள்ளித்தான் வந்தது. ரத்தக்கொதிப்பு வாய்ப்பும் 20 சதவீதம் குறைவு.

நினைவாற்றல்? 2002-இல் கலிஃபோர்னியாவில் எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம் குறைந்தது. தண்ணீர்த் தொட்டியில் மறைத்து வைத்த மேடையைக் கண்டுபிடிக்க அவை தடுமாறின. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தே முப்பது வருடம் ஓட்டிய வாத்தியார் நான். கொஞ்சம் உறுத்தியது.

பேத்திக்கு இரண்டு வயது நிறைய இன்னும் ஆறு மாதம். கரண்டி மருமகளிடமே இருக்கட்டும்.