120, 126, 130: எஃகு ரேஸ் சைக்கிளின் பின்கவையில் எழுதிய வரலாறு

பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றின் காலத்தைக் கணிக்க அதன் வண்ணப்பூச்சையோ பெயர்ப்பட்டையையோ நம்ப வேண்டியதில்லை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின்கவையில் அச்சு வந்து உட்காரும் இரு முனைகளுக்கு நடுவே அளவுகோலை வைத்தால் போதும். 120 மி.மீ. என்றால் பின்னால் ஐந்து பல்சக்கரங்கள் இருந்த காலம். 126 என்றால் ஆறு அல்லது ஏழு. 130 என்றால் எட்டும் அதற்கு மேலும். இந்தக் கணிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு சூழலில்தான் பொய்க்கும்: இடையில் யாரோ ஒருவர் புதிய சக்கரம் பூட்டுவதற்காக அந்த முனைகளை அகட்டியிருந்தால். அந்த அகட்டலைப் பற்றியும், அதற்கு ஆள்களைத் தள்ளிய மாற்றங்களைப் பற்றியும் பேசுவதே இக்கட்டுரை.

பழைய எஃகு ஃப்ரேமில் புதிய பாகம் பூட்டுவதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பொறியியல் வரலாற்றை இவ்வளவு தெளிவாகக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. என் வாதம் இது: ஃப்ரேமுக்கும் பாகத்துக்கும் நடுவே பொருத்தம் கெட்டபோதெல்லாம் எஃகு வளைந்துகொடுத்து அதைச் சரிசெய்தது. ஆனால் 1984க்குப் பிறகு சிக்கல் இடம் மாறியது. பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே பொருத்தம் கெடத் தொடங்கியது. அங்கே எஃகின் பொறுமைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ஒட்ட வந்த காது

புதுப் பாகத்தைப் பழைய ஃப்ரேமில் மாட்டுவது அண்மைக்கால மோகம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கியரே அப்படித்தான் சைக்கிளுக்குள் நுழைந்தது. பிரான்சின் திஜோன் நகரில் லூசியான் ஜுய் 1928இல் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த சைக்கிள்களின் ஃப்ரேமில் டிரெயிலியருக்கென்று இடமே கிடையாது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் அந்தப் பொறி, கொக்கிபோல ஒரு தகட்டில் தொங்கி, அச்சோடு சேர்த்து இறுக்கப்பட்டது. இருக்கும் வண்டியில் எப்படியாவது ஒட்டிக்கொள்வதுதான் அதன் முதல் தகுதி.

அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். செந்த் எத்தியேனில் வாழ்ந்த, 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்ட போல் தெ விவி, பல கியர்கள் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே எழுதிவந்தார். தூர் தெ பிரான்ஸைத் தோற்றுவித்த ஆன்றி தெக்ரான்ஜ் அதை ஏற்கவில்லை. கியர் என்பது பலவீனருக்கானது என்பது அவர் எண்ணம். 1937இல்தான் அந்தப் பந்தயம் டிரெயிலியரை அனுமதித்தது. சாதாரணச் சுற்றுலாக்காரர்கள் பல ஆண்டுகளாகத் தம் வண்டிகளில் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்ததை வீரர்கள் பின்னால் வந்து பெற்றுக்கொண்டார்கள்.

1950களில் இத்தாலியின் கம்பாஞோலோ நிறுவனம் 'கிரான் ஸ்போர்ட்' டிரெயிலியரோடு அடித்து வார்த்த பின்முனைகளையும் விற்கத் தொடங்கியது. வலப்பக்க முனையின் கீழே 10 மி.மீ. மரை வெட்டிய ஒரு காது இருந்தது. டிரெயிலியர் நேரே அதில் திருகிக்கொள்ளும். அதுவரை ஒட்டுறுப்பாக வந்தது ஃப்ரேமின் உறுப்பாயிற்று. இன்று 1960களின் ஃப்ரேம் ஒன்றில் இந்த நூற்றாண்டின் டிரெயிலியரைப் பூட்ட முடிகிறதென்றால், அந்தக் காதின் அளவு அரை நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட மாறாமல் நின்றதே காரணம். சிம்ப்ளெக்ஸின் சொந்த முனைகளில் இருந்த மரையில்லாத துளையில்கூட 10 மி.மீ. மரை வெட்டிச் சமாளிக்கலாம்.

இடம் தேடிய பல்சக்கரம்

பின்கவை விரிந்ததற்குக் காரணம் பல்சக்கரங்களின் எண்ணிக்கைதான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். மறுபாதி அச்சில் இருக்கிறது.

பழைய முறையில், பல்சக்கரங்களைத் தாங்கிய ஃப்ரீவீல் ஒரு தனிப்பொருள். அதை ஹப்பின் மரையில் திருகி இறுக்குவார்கள். ஆகவே ஹப்பின் வலப்பக்கப் பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்பக்கமாக, வண்டியின் நடுவை நோக்கி ஒதுங்கியிருந்தது. பேரிங்கிலிருந்து ஃப்ரேம் முனைவரை அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டது. பல்சக்கரம் ஒன்று கூடும்போதெல்லாம் அந்த நீளமும் கூடியது. விரைவில் கழற்ற வசதியாக உள்ளே துளையிட்ட அச்சு வேறு. விளைவு, அச்சு வளைவதும் முறிவதும் வழக்கமாயின. ஜப்பானின் சன்டூர் இதைத் தள்ளிப்போட ஒரு வழி கண்டது: பல்சக்கரங்களின் இடைவெளியைக் குறுக்கி, 120 மி.மீட்டருக்குள்ளேயே ஆறு பல்சக்கரங்களை அடக்கிய 'அல்ட்ரா 6'. நல்ல யோசனைதான், ஆனால் நோயின் வேரை அது தொடவில்லை.

வேரைத் தொட்டது ஃப்ரீஹப். ஃப்ரீவீலின் பொறியை ஹப்போடு சேர்த்துவிட்டு, வலப்பக்கப் பேரிங்கை ஃப்ரேம் முனைக்கு அருகே கொண்டுபோவதுதான் அதன் உத்தி. இங்கிலாந்தின் பேலிஸ்-வைலி 1938இலேயே இப்படி ஒன்றைச் செய்திருந்தது. ஆனால் அது நிலைபெற ஷிமானோ 1978இல் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. காலத்துக்கு முன்பே வந்த கருவிகளின் வரிசையில் பேலிஸ்-வைலிக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

எட்டுப் பல்சக்கரங்கள் வந்த 1980களின் இறுதியில் பின்கவை 130 மி.மீ. ஆயிற்று. அங்கேயே நின்றும்விட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று என எண்ணிக்கை ஏறியும், ரிம் பிரேக் சாலை வண்டிகளின் பின்கவை 130ஐத் தாண்டவில்லை. அகலம் நின்றபோது மெலிவு தொடங்கியது. ஷிமானோ அளவில், அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏழில் 5 மி.மீ., எட்டில் 4.8, ஒன்பதில் 4.35, பத்தில் 3.95. செயினும் அதற்கேற்ப ஒல்லியாயிற்று.

பழைய ஃப்ரேம் வைத்திருப்பவருக்கு இது பெரும் பேறு. ஒரே ஒரு முறை 130க்கு அகட்டிவிட்டால், முப்பது ஆண்டுத் தயாரிப்பில் எந்தச் சக்கரமும் அதில் உட்காரும்.

அகட்டுவதை அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் எழுதிப் பரப்பினார். 2008இல் மறைந்த அவருடைய விளக்கம் உலகெங்கும் பட்டறைகளில் இன்றும் பாடம். தேவைப்படுவது ஒரு நீளமான மரச்சட்டமும் ஒரு நூலும். மரத்தை நெம்புகோலாக்கி ஒவ்வொரு பக்கக் குழாயையும் தனித்தனியே வெளியே தள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேர இழுத்தால் மெலிந்த பக்கம் மட்டும் அதிகமாக வளைந்து ஃப்ரேம் கோணிப்போகும். தள்ளியதும் எஃகு பழைய இடத்துக்கே திரும்பும். இன்னும் கொஞ்சம் தள்ளினாலும் திரும்பும். ஓர் எல்லை தாண்டிய பிறகுதான் தள்ளிய இடத்தில் சிறிதளவு நிற்கும். அந்த எல்லையைக் கை உணர வேண்டும். பிறகு நூலை ஒரு பின்முனையில் கட்டி, முன்புறத் தலைக்குழாயைச் சுற்றி மறு முனைக்குக் கொண்டுவந்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்கிறார்கள். இரண்டும் ஒன்றானால் ஃப்ரேம் நேர்.

கணக்கு சொல்வதைப் பார்ப்போம். 126ஐ 130 ஆக்கப் பக்கத்துக்கு 2 மி.மீ. போதும். பின்கவையின் கீழ்க்குழாய் நீளம் சுமார் 410 மி.மீ. என்று கொண்டால், திரும்பும் கோணம் ஏறக்குறைய 0.28 டிகிரி. 120இலிருந்து என்றால் பக்கத்துக்கு 5 மி.மீ., கோணம் 0.7 டிகிரி. சிறிய எண்கள்தாம். ஆனால் இரு முனைகளும் அதன் இரு மடங்கு அளவுக்கு ஒன்றுக்கொன்று இணை தவறிவிடும். அப்படியே விட்டுச் சக்கரத்தை இறுக்கினால் அச்சு வளைவதற்கு நாமே வழிசெய்கிறோம். காதும் கோணி, கியர் சரியாக விழாது. அகட்டிய பின் முனைகளை இணையாக்குவதைத் தவிர்க்கிறவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள்.

எஃகில் எதை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாமா? எஃகின் விறைப்பு கலவைக்குக் கலவை அதிகம் மாறாது. மாறுவது, வளைந்தபின் திரும்பாமல் நிற்கும் அந்த எல்லை. பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸ் 1935இல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் கலவையான 531 இந்த வேலைக்கு இணங்கும். 1970களில் வந்த 753 வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, குழாய்ச்சுவரும் மெல்லியது. அதைப் பற்றவைக்கவே கட்டுநர்கள் ரெய்னால்ட்ஸிடம் சோதனையில் தேற வேண்டியிருந்தது. அதை அகட்டாமல் விடுவதே நல்லது. அலுமினியத்திலும் கார்பனிலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

  

மரைகளின் நாட்டுப்பற்று

பெடல் அச்சு சுழலும் குழாயில் பேரிங் கப்புகளைத் திருகுவதற்கு ஒவ்வொரு நாடும் தன் மரையை வைத்திருந்தது. பிரிட்டனில் குழாயின் அகலம் 68 மி.மீ., மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி, வலப்பக்கம் இடதுமரை. இத்தாலியில் 70 மி.மீ., மரை 36 மி.மீ., இருபக்கமும் வலதுமரை. பிரான்சில் 35 மி.மீட்டருக்கு 1 மி.மீ. புரி, இருபக்கமும் வலதுமரை. சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு அளவேதான், ஆனால் வலப்பக்கம் இடதுமரை.

இவற்றில் எது சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெடல் மிதிக்கும்போது பேரிங்கின் உருளல் கப்பை எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் திருப்பும். வலப்பக்கத்தில் இடதுமரை இருந்தால் அந்தத் திருப்பம் கப்பை இறுக்கும். வலதுமரை இருந்தால் கழற்றும். பிரெஞ்சு, இத்தாலிய வண்டிகளின் வலப்பக்கக் கப் தளர்வது உலகறிந்த தொல்லை. ஆனால் பிரிட்டிஷ் மரை வென்றது இந்தத் தகுதியால் மட்டுமல்ல. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் விற்பனை பெருகியபோது, அந்தச் சந்தைக்குள் வந்த ஜப்பானியர் பிரிட்டிஷ் அளவைக் கைக்கொண்டிருந்தார்கள். அளவு சந்தையோடு பரவியது.

இன்று 24 மி.மீ. தண்டும் வெளியே நிற்கும் பேரிங்குகளும் கொண்ட கிராங்குகளை பிரிட்டிஷ், இத்தாலிய ஃப்ரேம்களில் தடையின்றிப் பூட்டலாம். பிரெஞ்சு ஃப்ரேம் வைத்திருப்பவர் கடையிலிருந்து பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அவர்களுக்கு மாவிக் நிறுவனம் ஒரு காலத்தில் கொடுத்த விடை எனக்கு மிகப் பிடித்தது. மாவிக்கின் பேரிங் தொகுதி ஃப்ரேமின் மரையையே பயன்படுத்தாது. குழாயின் இரு விளிம்புகளையும் 45 டிகிரியில் சரித்துச் செதுக்கிவிட்டு, கூம்பு வளையங்களால் இருபுறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மரை தேய்ந்த ஃப்ரேமும் அதனால் பிழைத்தது.

கிளிக்

1984இல் ஷிமானோவின் துரா-ஏஸ் 7400 வந்தது. அதற்கு முன் கியர் லீவர் உராய்வில் நின்றது. எவ்வளவு இழுப்பது என்பதைக் கையும் காதும் தீர்மானித்தன. புதிய லீவரில் 'கிளிக்' என்று பள்ளங்கள். ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கேபிள், அதற்கு டிரெயிலியர் இவ்வளவு நகர்வு, அதற்குப் பல்சக்கரங்கள் இவ்வளவு தொலைவு. மூன்றும் ஒரே கணக்கில் பிறந்தாக வேண்டும். பல்சக்கரங்களின் சரிவுக்கேற்பச் சாய்வாக நகரும் இணைகர டிரெயிலியரின் மீது சன்டூர் 1964 முதல் வைத்திருந்த காப்புரிமை அதே 1984இல் முடிந்ததும் இதற்குத் துணைபோயிற்று.

அதுவரை ஹூரே டிரெயிலியரையும் சிம்ப்ளெக்ஸ் லீவரையும் ரெஜினா ஃப்ரீவீலையும் ஒரே வண்டியில் சேர்த்து ஓட்ட முடிந்தது. திறமை ஓட்டுபவர் விரலில் இருந்தது. கிளிக் வந்தபின் அந்தத் திறமை தொழிற்சாலைக்குப் போனது. ஒரே நிறுவனத்துக்குள்ளேகூடப் பிளவுகள் இருந்தன: எட்டுக் கியர் காலத்துத் துரா-ஏஸ் லீவர், அதே ஷிமானோவின் மற்ற டிரெயிலியர்களோடு ஒத்துப்போகாது.

1990இல் ஷிமானோவும் 1992இல் கம்பாஞோலோவும் கியர் மாற்றும் பொறியைப் பிரேக் லீவருக்குள் கொண்டுபோயின. இதைப் பழைய ஃப்ரேமில் பூட்டுவது எளிது என்பதுதான் வியப்பு. கீழ்ச்சாய்வுக் குழாயில் பழைய லீவர் நின்ற முளையிலேயே சிறு கேபிள் நிறுத்தி ஒன்றைத் திருகினால் போதும். ஃப்ரேம் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. பாகங்கள்தாம் ஒன்றையொன்று மறுத்தன. 1970களின் உராய்வு லீவர் ஒன்று மட்டும் பத்துப் பல்சக்கரங்களுக்கும் இன்று இணங்குகிறது, ஏனென்றால் அதற்கு எந்தக் கணக்கும் தெரியாது.

மற்ற மாற்றங்கள் சிறியவை. 27 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 630 மி.மீ., 700சி சக்கரத்தினுடையது 622. ஆகவே பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே எட்ட வேண்டும், நீளக்கை பிரேக் அதைத் தீர்க்கும். புதிய பிரேக்கின் புதைநட்டுக்காக ஃபோர்க் தலையின் பின்துளையை 8 மி.மீட்டருக்குப் பெரிதாக்குவார்கள். 22.2 மி.மீ. உள்தண்டில் புதுவகை ஸ்டெம்மை மாட்ட இடைத்துண்டு கிடைக்கிறது.

இத்தாலியின் காயோலேயில் 1997 முதல் நடக்கும் லெரோய்க்கா ஓட்டத்தில் இவை எதற்கும் இடமில்லை. அங்கே வண்டி 1987க்கு முந்தைய பாணியில், கீழ்ச்சாய்வுக் குழாயில் லீவரோடு நிற்க வேண்டும். அந்தக் காப்புணர்வை மதிக்கிறேன். ஆனால் அகட்டப்பட்டு, பத்துக் கியரோடு தினமும் ஓடும் ஃப்ரேமும் வரலாற்றைச் சிதைக்கவில்லை. அது வெலோசியோ காலத்துச் சுற்றுலாக்காரர் கொக்கித் தகட்டை அச்சில் மாட்டிய அதே செயல்.

2015இல் ஸ்ராம் நிறுவனம் கேபிளே இல்லாத ஈடேப் கியரை வெளியிட்டபோது பழைய ஃப்ரேம்களுக்கு எதிர்பாராத நல்வாய்ப்பு வந்தது. அதற்குக் கேபிள் நிறுத்தி வேண்டாம், துளை வேண்டாம். 10 மி.மீ. மரை வெட்டிய காது ஒன்று போதும். பிறகு டிஸ்க் பிரேக்கோடு 142 மி.மீ. பின்கவையும் 12 மி.மீ. ஊடச்சும் சாலை வண்டிகளில் பரவின. அந்தத் தூரத்துக்குப் பழைய எஃகை அகட்டுவது எளிதல்ல. 2023இல் ஸ்ராம் மலை வண்டிகளுக்காகக் கொண்டுவந்த புதிய டிரெயிலியர் காதையே கைவிட்டு, ஊடச்சைப் பிடித்துக்கொண்டு ஃப்ரேமின் முனையை இருபுறமும் கவ்வி நிற்கிறது. அடுத்த ஆண்டு ஜல்லிச்சாலை வண்டிகளுக்கும் அது வந்தது.