நிரையிற் பிறந்த தோழமை: மலையகப் பெண்களின் ஒற்றுமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதப் புகுந்தோர் தலைவர்களின் பெயர்களையும் வேலைநிறுத்தங்களையும் ஒப்பந்தங்களையுமே பெரிதும் வரிசைப்படுத்தியுள்ளனர். தோட்டங்களில் உழைப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் அவர்கள் தமக்குள் வளர்த்துக்கொண்ட தோழமை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிதாகவே உள்ளது. அத்தோழமை எங்கே பிறந்தது, அது ஏன் அமைப்பாக வலுப்பெறவில்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆகரப்பத்தனைக்கு அப்பால், ஓட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்துள்ளது டயகம. அங்கு பிறந்த எனக்கு, பெண்களின் முதற் சங்கம் கொழுந்து மலையே என்று தோன்றுகிறது. விடியற் பெரட்டு முடிந்து, கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையுடன் மலையேறும் பெண்கள் அருகருகே நிரை பிடிக்கின்றனர். கருவுற்றவளின் நிரை பின்தங்கினால், அடுத்த நிரைக்காரி தன் கையை அங்கும் நீட்டுகிறாள். நிறுவையிற் குறைந்து ஒருத்திக்கு ‘அரைப் பேர்’ விழுமாயின் அவளுக்கு அரைநாட் சம்பளமே கிட்டும் என்பதறிந்து, இரண்டு பிடி கொழுந்தை அவள் கூடையில் இட்டுவிடும் அக்காமாரும் உளர். லயத்திற்குத் திரும்பினால் சீட்டு, பிள்ளைப்பேறு, சாவீடு ஆகியவற்றிலும் இவ்வுறவு தொடர்கின்றது. யாப்பும் பதிவேடும் இல்லாதனவாயினும் இவையும் சங்கங்களே.

இத்தோழமை வளர்ந்த சூழல் சமத்துவமானதன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலியை 54 சதமாகவும் பெண்ணின் கூலியை 43 சதமாகவும் நிர்ணயித்தது. உழைக்கும் மலையும் நனைக்கும் மழையும் ஒன்றாயிருக்க, கூலி மட்டும் வேறாயிற்று. அச்சிறு கூலியையும் கணவன்மாரே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நிலவியது.

1931இல் கோ. நடேசையர் ஹற்றனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும் உடனுழைத்தார். கூட்டங்களில் அவர் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். 1940இல் அவை நூலுருவும் பெற்றன. எழுத்தறியாப் பெண்களையும் சென்றடையக்கூடிய சாதனம் பாட்டே என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. குடும்பங்கள் பிரிந்த துயரை நாம் அறிவோம். ஆண்டுக்கணக்கில் அருகருகே நிரை பிடித்த தோழியரும் அவ்வாறே பிரிந்தனர் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர்.

1972இல் போல் கஸ்பெர்ஸ் அடிகளார் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் போன்ற நிலையங்கள் தோட்ட மக்களிடையே பணியாற்றத் தொடங்கின. தொழிற்சங்கங்களிலும் மாதர் அணிகள் தோன்றின. 1984 ஏப்ரலில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிட்டியது. 54க்கு 43 என்ற பாகுபாடு நீங்க அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றமை சிந்திக்கற்பாலது. செங்கொடிச் சங்கத்தின் பொதுச்செயலாளராக மேனகா கந்தசாமி விளங்கியமை போன்ற நிகழ்ச்சிகள் விதிவிலக்குகளே. மேதின ஊர்வலத்தை நிறைப்பதற்கு அழைக்கப்படும் பெண்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்கப்படுவதில்லை.

ஈண்டுக் கடலுக்கு அப்பாலும் நோக்குதல் பயன்தரும். கேரளத்து மூணாறும் தமிழ்ப் பெண்கள் கொழுந்தெடுக்கும் மலையே. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் வீதியில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் அண்டவிடவில்லை. ஒன்பது நாட் போராட்டத்தின் பின் கோரிக்கை நிறைவேறியது. ‘பெம்பிளை ஒருமை’ என்ற அவ்வியக்கம் பின்னர்ப் பிளவுற்றுத் தளர்ந்தது உண்மையே. எனினும் நிரையிற் பிறந்த தோழமை தானே பேசத் தொடங்கினால் எவ்வளவு வலிமை பெறும் என்பதை அது காட்டிற்று. அவ்வலிமை நிலைத்திருப்பதற்கு உணர்ச்சி மட்டும் போதாது, நாள்தோறும் இயங்கும் அமைப்பும் வேண்டும் என்பதையும் அதுவே கற்பித்தது.

ஆகவே, மலையகப் பெண்களுக்கு ஒற்றுமையை நாம் சென்று போதிக்க வேண்டியதில்லை. அது அவர்களிடம் ஏலவே உள்ளது. கூட்டங்கள் அவர்கள் அடுப்படியில் நிற்கும் வேளையில் நடத்தப்படுவதும், கைக்காசையும் நிறுவையையும் பற்றிய முடிவுகள் அவர்களின்றி எடுக்கப்படுவதுமே மாறவேண்டியவை. தோழியின் கூடையில் இரண்டு பிடி கொழுந்தை இடும் அந்தக் கை, சங்கத்தின் தீர்மானத்திலும் ஒப்பமிடும் நாளிலேயே மலையகத் தொழிற்சங்க வரலாறு முழுமை பெறும்.