முதல் 32 கிலோபைட்

என்எக்ஸ்பியின் எஸ்32கே144 கார் மின்னணுப் பெட்டிகளுக்கென வந்த மைக்ரோகன்ட்ரோலர். அதன் 512 கிலோபைட் நிரல் ஃபிளாஷைப் பூட்லோடருக்கும் அப்ளிகேஷனுக்கும் பங்கு போடும் லிங்கர் ஸ்கிரிப்ட் ஐந்து வரிதான். முகவரிகள் பதினாறடிமானத்தில் உள்ளன. ஒவ்வொரு வரியும் அடுத்தது தொடங்கும் இடத்தில் முடிகிறது.

வெக்டர்: 0 – 400

ரீசெட் ஆனதும் கோர்டெக்ஸ்-எம்4 முதலில் படிக்கும் இடம். இன்டரப்ட் முகவரிகள் இந்த 1 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கான்ஃபிக்: 400 – 410

பதினாறே பைட். ஆனால் கை நடுங்க வேண்டிய வரி இதுதான். முதல் எட்டு பைட் பின்கதவுச் சாவி, அடுத்த நான்கு அழிப்புத் தடை, பதின்மூன்றாவது பைட் பூட்டு. ஃபிளாஷை அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். பூட்டு பைட்டுக்கு அந்த மதிப்பின் பொருள் 'பூட்டப்பட்டது'. முதல் செக்டரை அழித்துவிட்டு, திரும்ப எழுதுமுன் மின்சாரம் போனால் சில்லு பூட்டிய நிலையில் எழும். மொத்த அழிப்பு அனுமதி இருக்கும்வரை டீபக்கரால் மீட்கலாம். அந்த அனுமதியையும் மறுத்து, பின்கதவுச் சாவியும் இல்லாமல் பூட்டினால் டீபக்கருக்கு இனி அங்கே வேலையில்லை. உற்பத்தியில் சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஆய்வக போர்டில் செய்வது வீண்வம்பு.

பூட்லோடர்: 410 – 8000

ஏன் 32 கிலோபைட்? நிரல் 24இல் அடங்கினாலும் 32தான். அழிக்கும் அலகு 4 கிலோபைட் செக்டர்; தடை போடும் அலகோ வேறு. மொத்த ஃபிளாஷை 32 பங்காக்கி, பங்குக்கொரு பிட் வைத்திருக்கிறார்கள். ஆகவே 16 கிலோபைட்டின் மடங்கில்தான் தடை போட முடியும். இரண்டு பிட்டை 0 ஆக்கினால் வெக்டர், கான்ஃபிக், பூட்லோடர் மூன்றும் ஒரே வேலிக்குள் வந்துவிடும். ஓடும் நிரல் இந்தத் தடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பூட்லோடரையும் பிற்பாடு புதுப்பிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் தன்னையே அழிக்கத் தெரிந்த பூட்லோடரை நான் நம்பமாட்டேன்.

இந்த இடத்துக்குப் போட்டியும் உண்டு. சில்லிலுள்ள சிஎஸ்இசி பாதுகாப்புப் பகுதிக்குத் தெரிந்தது ஏஇஎஸ்-128 மட்டுமே. பொதுச்சாவிக் கையொப்பம் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கும் மென்பொருளாக இதற்குள்தான் உட்கார வேண்டும்.

குறி: 8000 – 9000

'அப்ளிகேஷன் சரி' என்று சொல்லும் எட்டு பைட்டுக்கு ஒரு முழு செக்டர். வீணடிப்பு போலத் தெரியும், இல்லை. புதுப்பிக்கும்போது முதலில் அழிவது இது, கையொப்பம் தேறிய பிறகு கடைசியில் எழுதப்படுவதும் இது. இடையில் பேட்டரி கழன்றால் குறி இருக்காது. பூட்லோடர் தன்னிடமே நின்று அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும்.

அப்ளிகேஷன்: 9000 – 80000

மீதி 476 கிலோபைட். தாவுமுன் வெக்டர் அட்டவணையின் முகவரியை 9000க்கு மாற்ற வேண்டும். அது 1 கிலோபைட்டின் மடங்காக இருப்பதால் தடையில்லை. அப்ளிகேஷனின் தொடக்கக் கோப்பில் வழக்கமாக வரும் கான்ஃபிக் பகுதியை மட்டும் நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் இரண்டு ஹெக்ஸ் கோப்புகளையும் இணைக்கும்போது 400இல் இரண்டும் மோதும்.