பழவேற்காட்டில் உரிமம் தருவது யார்? பாடு, படகு, மதுக்கடை: ஒரு சட்டப் பார்வை

ஒரு மனிதர் தாம் விரும்பும் தொழிலைச் செய்யலாமா கூடாதா என்று இன்னொருவர் முடிவெடுக்கும் அதிகாரத்துக்குப் பெயர் உரிமம். அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்த விதியின்படி செலுத்தப்படுகிறது, மறுக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கும் இடத்தில் உரிமம் சட்டத்தின் கருவியாக இருக்கும். விடை இல்லாத இடத்தில் அது சாதியின் கருவியாகிவிடும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களை முன்வைத்து இக்கேள்விகளை இங்கே ஆராய்கிறோம்.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் காப்பிடமாகவும் இருக்கிறது. எனவே ஏரியின் மீது வருவாய்த் துறை, வனத் துறை, மீன்வளத் துறை ஆகிய மூன்றுக்கும் அதிகாரம் உண்டு. ஆனால், நாளை காலை எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை நடைமுறையில் நெடுங்காலமாகத் தீர்மானித்து வருவது இத்துறைகள் அல்ல, ஊர்ப் பஞ்சாயத்துதான்.

இரண்டு பஞ்சாயத்துகள்

ஊரக உள்ளாட்சி பற்றிப் பேசும்போது இரு வேறு அமைப்புகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தேர்ந்தெடுக்கப்படும் ஊராட்சி மன்றம் ஒன்று. அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. கிராம சபையில் ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினர். மற்றொன்று, கடலோரக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து. இதில் உறுப்பினர் ஆவதற்குரிய அலகு தலைக்கட்டு. அதாவது மணமான ஆண். பெண்களுக்கு இடமில்லை. அதே சாதியில் பிறக்காதவருக்கும் இடமில்லை. வரி வசூலிப்பது, தண்டம் விதிப்பது, மீறுபவரை ஒதுக்கி வைப்பது ஆகியவற்றை எந்தச் சட்டமும் தராத அதிகாரத்தைக் கொண்டு இது செய்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பின் வலு எவ்வளவு என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் பட்டியல் சாதிப் பெண் தலைவர் 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்த பின், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் சில நாட்கள் கழித்து அவர் கொடியேற்றினார். கொடியேற்றவே ஆட்சியர் வரவேண்டியிருந்தது என்றால், ஏரியில் வலை கட்டும் உரிமையைப் பற்றி ஊராட்சி மன்றம் எப்படித் தீர்மானிக்கும்?

பாடு: எழுதப்படாத உரிமம்

பழவேற்காட்டின் ஊர்ப் பஞ்சாயத்து தரும் உரிமத்துக்குப் பெயர் பாடு. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பரப்புகளில் சுத்து வலை கட்டும் உரிமையைத் தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு இது. சீட்டுக் குலுக்கி முறை ஒதுக்குவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் எவருக்கும் பெரும் நட்டமில்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்கள் இம்முறையின் மையம். 1991 இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

பாட்டு முறையின் நன்மையை நாங்கள் மறுக்கவில்லை. வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி மீன்வளத்தைக் காத்தது. உறுப்பினர்களுக்கிடையே சண்டையைத் தவிர்த்தது. பணம் படைத்தவர் ஏரியை மொத்தமாக வளைத்துக்கொள்ளாமல் தடுத்தது. பொதுவளத்தை மக்களே ஆள முடியும் என்பதற்குச் சான்றாக உலக அளவில் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டுவதும் இக்காரணங்களால்தான்.

ஆனால் சமத்துவம் வட்டத்துக்குள்ளே மட்டும்தான். சேரத் தகுதியானவர் பட்டினவர் சாதியில் பிறந்த, மணமான, குறிப்பிட்ட ஊரைச் சேர்ந்த ஆண். அதே ஏரியை நம்பி வாழும் பட்டியல் சாதியினரும் இருளர் பழங்குடியினரும் பட்டியலில் இல்லை. ஏரியின் நல்ல இடங்கள் பாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட, எஞ்சிய ஆழமற்ற பகுதிகளில் இவர்கள் தொழில் செய்கின்றனர். இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் நின்று சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். 2008 இல் வெளியான சாரா கூல்தார்டின் ஆய்வும், ஏரியின் வளம் குறையும்போது பாடு உள்ளவர், பாடு இல்லாதவர் என்ற பிளவே ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பெரிதும் தீர்மானிப்பதைக் காட்டியது. ஏரியில் பிழைப்பில்லாத இருளர் குடும்பத்துக்கு இம்மாவட்டத்தில் காத்திருப்பது எது என்பதை முன்பணம் கொடுத்துக் கொத்தடிமையாக்கும் செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும் சொல்லும்.

வழக்காறு சட்டமாகுமா?

'இது பரம்பரை வழக்கம்' என்பதே பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். அரசியலமைப்பின் உறுப்பு 13 இதற்கு நேரடியாக விடை தருகிறது. சட்டத்தின் வலுவுடைய வழக்காறும் 'சட்டம்' என்பதில் அடங்கும். அது அடிப்படை உரிமைகளுக்கு முரணானால் அம்முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது. ஆகவே பாடு சட்ட வலுவற்ற வெறும் பழக்கம் என்றால் பிறரைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. சட்ட வலுவுள்ள வழக்காறு என்றால் உறுப்பு 14, 15, 17, 19(1)(ஜி) ஆகியவற்றுக்கு அது கட்டுப்பட வேண்டும். இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும், சாதியைத் தகுதியாக வைத்துப் பிறரை விலக்குவதைத் தக்கவைக்க முடியாது.

இவ்வாதம் புதிதன்று. மகாடு நகராட்சி 1924 இல் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிடத் தீர்மானித்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்து நீரை அருந்தினர். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. சாதி இந்துக்கள் தங்களுக்கே உரிய தொன்மையான வழக்காறு என்று சொல்லி வழக்குத் தொடுத்தனர். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வழக்காறு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அண்ணலின் பக்கம் தீர்ப்பளித்தது. உள்ளாட்சி மன்றம் ஒரு தீர்மானத்தால் தந்ததை இன்னொரு தீர்மானத்தால் பறிக்க முடிந்தது. மன்றத்தின் நல்லெண்ணத்தை நம்பாமல் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்திலும், பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924 இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நூறாண்டுகளுக்குப் பின்னும் நீர் குறித்த கேள்வி தீரவில்லை.

இன்றைய சட்டம் இன்னும் தெளிவானது. 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்-ஏ), ஒரு பகுதியின் பொதுவளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதையும், பிறர் செய்யும் தொழிலைச் செய்வதையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(இசட்-சி) சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும் அவ்வாறு மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. கடமை தவறும் அரசு ஊழியருக்குப் பிரிவு 4 இல் தண்டனை உண்டு. கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான்.

சவாரிப் படகு

நகரங்களில் டாக்சி எப்படியோ, பழவேற்காட்டில் சவாரிப் படகு அப்படி. வார இறுதியில் சென்னையிலிருந்து வருவோரை ஏற்றிச் செல்வது, மீன் கிடைக்காத நாட்களில் படகோட்டிகளுக்கு ஒரு வருவாய். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. ஆயினும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாகச் செய்திகள் தொடர்ந்தன. தடை என்பது ஒழுங்குமுறை ஆகாது. உயிர்காப்பு மேலாடை, ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஓட்டுநர் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை வலியுறுத்தும் உரிமமே பயணியையும் படகோட்டியையும் காக்கும்.

இதற்குரிய சட்டமும் இருக்கிறது. 1917 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், விசைப்பொறி பொருத்திய கலங்களுக்கு ஆய்வையும் பதிவையும் கட்டாயமாக்குகிறது. விசைப்பொறி இல்லாத கலங்களைப் பதிவேட்டில் சேர்க்கும் பணியை உள்ளாட்சி நிலை வரை ஒப்படைக்கவும் வழி செய்கிறது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. நாளை சவாரி உரிமம் மீண்டும் வருமானால், 'ஊர் ஒப்புதல்' என்ற பெயரில் பழைய பாட்டுப் பட்டியலே புதிய உரிமப் பட்டியலாக நகலெடுக்கப்படும் ஆபத்து உண்டு. தலித், இருளர் படகோட்டிகளுக்கு ஒதுக்கீடு விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

மதுக்கடை

படகில் உள்ளாட்சிக்கு அதிகாரம் வரக்கூடும். மதுவில் அது அறவே இல்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் ஏகபோகம். கடையும் அதை ஒட்டிய பாரும் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்துக்கும் 2003 ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. வழிபாட்டிடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து ஊரகப் பகுதியில் 100 மீட்டர் தூரம் வேண்டும் என்கின்றன அவ்விதிகள். தலித் குடியிருப்பிலிருந்தோ இருளர் குடியிருப்பிலிருந்தோ தூரம் வேண்டும் என்று அவை சொல்வதில்லை. 2016 டிசம்பர் 15 அன்று கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக் கடைகளை 500 மீட்டருக்கு அப்பால் தள்ளியது. 20,000 மக்கள்தொகைக்கு உட்பட்ட உள்ளாட்சிப் பகுதிகளில் அத்தூரம் 220 மீட்டர் என்று 2017 மார்ச்சில் குறைத்தது. சாலையோரத்திலிருந்து அகன்ற கடைகள் ஊர்களுக்குள் நுழைய முயன்றபோது தமிழ்நாடெங்கும் பெண்கள் போராடியதை நாம் மறக்கவில்லை.

மற்ற இடங்களில் வேறு வழிகள் உள்ளன. மகாராட்டிரத்தில் பெண் வாக்காளர்கள் கோரி, வாக்கெடுப்பு நடத்தி, கடையை மூடச் செய்ய முடியும். 1996 ஆம் ஆண்டின் பேசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் மதுவைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லாததால் பழவேற்காட்டு இருளருக்கு அச்சட்டத்தின் பயன் கிட்டாது. 2023 இல் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் குப்பத்திலும், 2024 இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் கள்ளச்சாராயத்துக்குப் பலியானோர் உழைக்கும் மக்களே. உரிமம் பெற்ற கடையும் உரிமமற்ற சாராயமும் யாருடைய வாசலில் விற்கப்படுகின்றன என்பதில் அம்மக்களுக்குச் சொல்லே இல்லை.

முறையான முடிவு எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் டாக்சி ஓட்டுநருக்கும் மதுக்கூடத்துக்கும் உரிமம் தருவது உள்ளூர் மன்றங்களே. விண்ணப்பம் பெறப்படும்; மதுக்கூடம் என்றால் பொது அறிவிப்பு ஒட்டப்படும்; எதிர்ப்பவரின் வாதம் கேட்கப்படும்; முடிவு காரணங்களுடன் எழுதப்படும்; மறுக்கப்பட்டவர் 21 நாட்களுக்குள் நீதிமன்றம் செல்லலாம். அங்கும் பாகுபாடு இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் எழுதப்பட்டிருப்பதால் அதை எதிர்த்து வழக்காட முடிகிறது. பாட்டில் எழுதப்பட்ட மறுப்பு கிடையாது. கேட்கவே முடியாது என்பதால் மறுக்கப்பட்டதற்குச் சான்றும் இல்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை இவை:

1. பாடு கேட்டு மீன்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்து ஒப்புகை பெறுதல். எழுத்திலுள்ள மறுப்பும் பதிலளிக்காத மௌனமும் நீதிப்பேராணை மனுவுக்கு அடிப்படையாகும்.

2. ஏரியில் தொழில் செய்வோர் பற்றித் துறைகளிடம் உள்ள பதிவேடுகளையும் ஆணைகளையும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறுதல்.

3. தடுத்தாலோ மிரட்டினாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் அளித்தல். 1995 ஆம் ஆண்டு விதிகளின்படி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும்.

4. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றச் செய்தல். மதுக்கடையை அது மூடாது. ஆனால் ஆட்சியர் முன்னும் உயர் நீதிமன்றத்திலும் சான்றாக நிற்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகு, மக்களின் குரல் பதிவாகும் இடம் கிராம சபை ஒன்றே.

பட்டினவர் மக்கள் எங்கள் எதிரிகள் அல்லர். அவர்களும் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களே. துறைமுக விரிவாக்கமும் ஆலைக் கழிவும் அவர்களுடைய வலையையும்தான் கிழிக்கின்றன. பாட்டை ஒழிக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. முறைவைத்துப் பங்கிடும் அந்த நல்ல ஏற்பாட்டின் சீட்டில் ஏரியை நம்பி வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும், பெண்களின் பெயரும் உட்பட, எழுதப்பட வேண்டும் என்றே கேட்கிறோம். அதுவரை அது பொதுவளத்தின் மீது ஒரு சாதி வைத்திருக்கும் உரிமமாகவே இருக்கும். அத்தகைய உரிமத்தை வழங்க இந்த நாட்டில் எந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை.