மெட்டல் கேட்கும் காதுகள் - கிங்ஸ் சர்க்கிளில் இருந்து ஒரு ஹெட்ஃபோன் வரலாறு

கிங்ஸ் சர்க்கிள் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயம். ஒன்று ஃபில்டர் காபி. இன்னொன்று ஷண்முகானந்தா ஹால். 1952-ல் சபா தொடங்கியது, 1963-ல் அரங்கம் எழும்பியது, 1990-ல் தீப்பிடித்தது, 1998-ல் மறுபடி திறந்தது என்று மாதுங்கா மாமாக்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே தம்புராவைக் கேட்கும் இடம்.

அதே வட்டாரத்து ஃபிளாட்டுகளில் இன்னொரு சங்கீத சரித்திரமும் உண்டு. எந்த சபா மலரிலும் அது வராது. காரணம், அது முழுக்க ஹெட்ஃபோனுக்குள் நடந்தது. ஹெவி மெட்டல்! முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள். வீட்டில் பதினாறு வயதில் ஒரு வாரிசு இருந்தால், "நல்ல ஹெட்ஃபோன் வேணும்ப்பா" என்ற மனு இன்றோ நாளையோ உங்களிடம் வரத்தான் போகிறது.

முதலில் மெட்டல் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். டோனி அயோமி என்ற இளைஞர் அங்கே தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிடார் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு தந்தியைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் கீழே போனார். அதாவது 82 ஹெர்ட்ஸில் இருந்த அடித்தந்தி 69-க்கு இறங்கியது. மெட்டலின் அந்தக் கனத்த குரலுக்குப் பின்னால் ஓர் ஆலைத் தொழிலாளியின் காயம் இருக்கிறது. மில் சங்கு ஊதிய பம்பாய்க்கு இது ஒன்றும் அந்நியக் கதை இல்லை.

ஹெட்ஃபோன் அதைவிட மூத்தது. 1910-ல் நதானியல் பால்ட்வின் என்பவர் அமெரிக்காவின் யூட்டாவில் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பினார். சங்கீதத்துக்காக இல்லை, வயர்லெஸ் செய்தி கேட்பதற்காக. வீட்டில் உட்கார்ந்து ஸ்டீரியோ இசை கேட்க ஹெட்ஃபோன் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் ஜான் காஸ், 1958-ல். 1968-ல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காதை அடைக்காமல் காற்றோட்டமாக இருக்கும் திறந்த வகை. 1979 ஜூலையில் சோனி வாக்மேன். அந்த முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் செருக இரண்டு துளைகள் இருந்தன, தெரியுமோ? ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள்! உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

வாக்மேன் நம் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் வளைகுடாவில் வேலை பார்த்த சித்தப்பா, மாமாக்களின் பெட்டியில்தான். ஒரு ஹால், ஒரு கிச்சன், ஆறு பேர். விடிந்தால் சுப்ரபாதம், பொழுது சாய்ந்தால் தூர்தர்ஷன். அதற்கு நடுவில் ரிதம் ஹவுஸில் (2016-ல் மூடிவிட்டார்கள்) வாங்கிய அயர்ன் மெய்டன் கேசட்டை ஸ்பீக்கரில் போட முடியுமா? பாட்டி தீர்த்தச் சொம்போடு வந்துவிடுவார். ஆகவே ஹெட்ஃபோன். நம் மாதிரி குடிபெயர்ந்த குடும்பங்களில் அது ஆடம்பரப் பொருளாக நுழையவில்லை. சின்ன வீட்டில் எல்லோரும் சமாதானமாக இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

வெளியே சத்தமாகக் கேட்க தோபி தலாவ் ரங் பவன் இருந்தது. 1980-களில் இருந்து பம்பாய் ராக் ரசிகர்களின் கோயில். பக்கத்திலேயே கல்லூரி, மருத்துவமனை. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து, அமைதி மண்டலக் கட்டுப்பாடுகள் இறுக, அங்கே கச்சேரிகள் நின்றுபோயின. 2008 பிப்ரவரி 1 அன்று அயர்ன் மெய்டனே பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வந்தது, தாராவிக்கு அடுத்த வீடு மாதிரி. ஆனால் அதெல்லாம் திருவிழா நாள். மற்ற நாளெல்லாம் ஹெட்ஃபோன்தான்.

சரி, எதை வாங்குவது?

கடைக்காரர் "பேஸ் சூப்பரா இருக்கும் சார்" என்பார். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மெட்டலுக்கு மிகக் கிட்டத்தில் நம்மிடம் இருப்பது நாகஸ்வரமும் தவிலும். ஒரு பக்கம் காற்றையே கிழிக்கும் நாதம், இன்னொரு பக்கம் விடாத அடி. தவிலில் கும்காரம் மட்டும் வீங்கி, வலந்தலைச் சொல் கேட்காவிட்டால் ரசிப்பீர்களா? மெட்டல் டிரம்மர் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்கிறார். ஒவ்வொரு அடியிலும் கீழே ஒரு 'தொம்', மேலே ஒரு 'டக்' இருக்கும். பேஸை ஊதிப் பெருக்கிய ஹெட்ஃபோனில் 'தொம்' எல்லாம் ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும், 'டக்' காணாமல் போகும். கிடாரின் உயிர் நடுச்சுருதிகளில் இருக்கிறது. அது பின்வாங்கக் கூடாது.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல தவில் தனி ஒன்றைப் போட்டு, ஒலியைப் பாதிக்கும் கீழே வையுங்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தால் அந்த ஹெட்ஃபோன் மெட்டலையும் தாங்கும். குறைந்த சத்தத்தில் தெளிவு இல்லாததுதான் பிள்ளைகளை ஒலியைக் கூட்ட வைக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தப் பதிவின் சாரமும் இதுதான்.

வீட்டுக்குள் மட்டும் என்றால் திறந்த வகை நல்லது. சென்ஹைசர் எச்டி 600 (1997) அந்த வகையில் பேர் பெற்றது. ஆனால் 300 ஓம், வெறும் ஃபோனில் மாட்டினால் சோர்ந்துபோகும். ஆம்ப்ளிஃபயர் தேவை. திறந்த வகையில் சத்தம் வெளியே கசியும் என்பதால் பாட்டி பக்கத்தில் படுத்திருந்தால் சரிவராது. அதற்கு சோனி எம்டிஆர் 7506 (1991) மாதிரி மூடிய வகை. ஒன்று சொல்ல வேண்டும், சில ஆல்பங்களில் தவறு பதிவிலேயே இருக்கிறது. மெட்டாலிகாவின் 2008 'டெத் மேக்னெடிக்' சத்தத்துக்காக நசுக்கப்பட்டதென்று ரசிகர்களே சண்டை போட்டார்கள். அதை எந்த ஹெட்ஃபோனாலும் காப்பாற்ற முடியாது.

ஹார்பர் லைனில் போகிற பிள்ளை என்றால், ரயில் இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும். அங்கே இரைச்சல் நீக்கும் வகை உதவும். அந்த யோசனை 1978-ல் விமானத்தில் உட்கார்ந்திருந்த அமர் போஸுக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து தப்பி அமெரிக்கா போன விடுதலைப் போராளியின் மகன். ஆனால் தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் ரோடு கடக்கும்போதும் ஹெட்ஃபோன் கழுத்தில்தான் இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90-க்குப் போனால் வாரம் 4 மணி நேரம்தான். காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே பெற்றோர்களே, "என்னடா இரைச்சல்" என்று ஹெட்ஃபோனைப் பிடுங்க வேண்டாம். ஒருநாள் வாங்கி உங்கள் காதில் மாட்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' என்ற குழு வேதாந்தத்தையே மெட்டலில் பாடுகிறது. அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒலி எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடும்.